நாலு விரல் தளர்வு

உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் தொங்கிக் கழுவிக் கொடுக்கிற கம்பெனி அது. பதினான்கு பேர் தொங்குகிறவர்கள். கீழே அவர்களுக்கென்று நீளமான ஒரு தகரக் கொட்டகை, கொட்டகையின் கோடியில் சாமான் அறை. அந்த அறைக்குப் பொறுப்பு அவள்தான். கயிறு, கொக்கி, இருக்கைப் பலகை, உடம்பில் பூட்டிக்கொள்கிற பாதுகாப்பு பெல்ட் எதுவானாலும் அவள் கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டும். ஒரே ஒரு தையல் விட்டிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டிலும் அவளுக்கு வருத்தமில்லை.

அவள் புருஷனும் அங்கேதான் தொங்குகிறான். பல்லி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் கால் வைக்க யோசிக்கிற விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு நிற்பான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் கயிற்றைப் பற்றி அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. அது அவள் சோதித்த கயிறு.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல எல்லா பெல்ட்டுகளையும் மேஜைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெல்ட்டில் இரண்டு தொடை வார்கள் உண்டு. இடுப்பிலிருந்து இறங்கி, தொடை இடுக்கைச் சுற்றிக்கொண்டு, மறுபடி இடுப்புக்கே வந்து பக்கிளில் பூட்டிக்கொள்ளும். ஆள் தவறினால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பவை அந்த இரண்டும்தான். வாருக்கும் தொடைக்கும் நடுவே விரித்த கை நுழையலாம், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஒரே ஆள் ஒரே பெல்ட்டை வருஷக்கணக்காகப் போட்டால், பக்கிள் கடிக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு விழுந்துவிடும். யாருடைய கோடு எங்கே என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

பல்லியின் பெல்ட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. பழைய கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி, புதிதாக இன்னொரு கோடு. இடது வாரிலும் அப்படி, வலது வாரிலும் அப்படி. யாரோ வாரை நாலு விரல் தளர்த்திப் போட்டுக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள், அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

முஷ்டி என்ன, அந்தத் தளர்வில் ஒரு சொம்பே நுழையும். தவறினால் வார் தொடையைப் பிடிக்காது. சறுக்கி மேலேறும், ஆள் தலைகீழாகப் போவான்.

முதலில் அவள் நினைத்தது வேறு யாரோ தடியான ஆள் அதை எடுத்துப் போட்டிருக்கிறான் என்றுதான். பல்லிக்கு மேலே ஜோடியாகப் போகிறவன் ஒட்டகம். கழுத்து நீளம், நடையும் அப்படி. அவனைக் கூப்பிட்டு, பல்லியின் பெல்ட்டை யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"அந்த பெல்ட்டையா? கட்டின பொண்டாட்டிய விட்டுக் குடுத்தாலும் அத விட்டுக் குடுக்க மாட்டான்க்கா" என்றவன், யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து கழுத்தைச் சுருக்கிக்கொண்டான்.

"இறங்கறதுக்கு முன்னாடி ஜோடிக்காரன் வார இழுத்துப் பாக்கணும். நீ பாத்தியா?"

ஒட்டகம் மேலே தகரத்தைப் பார்த்தான், கீழே தரையைப் பார்த்தான். பல்லி தானே பார்த்துக்கொண்டதாகச் சொன்னான், அவனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன் என்றான். அந்த விஷயத்தை அவள் அவனிடம் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு வேறு ஒரு நாள் ஒதுக்கிக்கொண்டாள்.

இரவல் இல்லையென்றால் தளர்த்தியவன் பல்லியேதான். உடம்பு பெருத்துவிட்டதா? இல்லை, கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரிகிறான். அப்படியென்றால் தொடையில் ஏதோ இருக்கிறது.

தொடை என்று நினைத்த மாத்திரத்தில் வீட்டில் நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றது. பத்தொன்பது நாளாக அவன் முன்னறையில் தனியாகப் படுக்கிறான். முதுகு வலி, தரையில் படுத்தால் தேவலை என்றான். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி உடம்பு வெளியே இருக்கிறது. உள்ளாடையைத் தானே துவைத்து, துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறான். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறான். குளித்துவிட்டு வந்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணக்கிறான். அவள் கை பட்டால், "நல்லா அசதியா இருக்கும்மா" என்று நகர்ந்துகொள்கிறான்.

இத்தனையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. முதுகு வலி என்று நம்பித் தைலம் வாங்கி வைத்தாள். வேறொரு பெண் என்கிற நினைப்பும் ஒரு தரம் எட்டிப் பார்த்தது. நல்ல மனுஷியாக இருந்தும் அதை உள்ளே விட்டு உட்கார வைத்து, கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்பினாள். இன்னொருத்தியிடம் போகிறவன் புது பனியன் வாங்குவான், வீட்டுக்கு வந்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க மாட்டான்.

என்னவாக இருந்தாலும் வீட்டில் கேட்டால் மழுப்புவான், திங்கட்கிழமை மேலே ஏறிவிடுவான். அதனால் அவள் தன் கையில் இருந்த ஒரே அதிகாரத்தை எடுத்தாள். பழுதான சாமானுக்குக் கட்டுகிற சிவப்புச் சீட்டு ஒன்றை அவன் பெல்ட்டில் கட்டினாள். சீட்டுக் கட்டிய சாமானை முதலாளியே வந்து கேட்டாலும் தர முடியாது. பழுது என்ன என்று எழுத ஒரு கட்டம் உண்டு. யோசித்து, நிதானமாக, குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: "பெல்ட் நன்றாக இருக்கிறது. போடுகிறவர் சரியாகப் போடுவதில்லை."

திங்கட்கிழமை காலையில் பல்லி ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினான். அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். படித்தான். காது இரண்டும் சிவந்தன.

மாற்று பெல்ட் ஒன்று கொடு என்றான். மாற்று பெல்ட் ஆறு இருக்கிறது, நீங்கள் எதைத் தொடுகிறீர்களோ அதற்கும் ஒரு சீட்டு இருக்கிறது என்றாள். மேஸ்திரி வந்தார், இது என்ன புருஷன் பெண்டாட்டி சண்டையா, கம்பெனி சண்டையா என்று கேட்டார். கம்பெனி சண்டைதான் என்றாள் அவள். மேஸ்திரி சீட்டை வாங்கிப் படித்தார், வார்களில் இருந்த புதுக் கோடுகளைப் படித்தார், முப்பது வருஷம் தொங்கிய மனிதர் என்பதால் மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொருவனை ஒட்டகத்தோடு ஜோடி சேர்த்து அனுப்பிவிட்டு, போகும்போது சாமான் அறைக் கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

உட்காரச் சொல்லி முக்காலியைத் தள்ளினாள். அவன் உட்காரவில்லை.

"உக்கார முடியலையா?"

"நிக்கிறேனே."

"என்னாச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் அந்தச் சீட்டு அங்கதான் இருக்கும். அடுத்த வருஷமானாலும் சரி."

அவன் அவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் சுருட்டி மாட்டியிருந்த கயிறுகளிடம்தான் சொன்னான். ஒரு மாதத்துக்கு முன் இடது தொடை இடுக்கில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. நாலு நாளில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. பிறகு வலப்பக்கம் இரண்டு, அப்புறம் இன்னும் உள்ளே, விதைப்பை ஓரத்தில், சொல்லவே கூசுகிற இடத்தில் ஒன்று. நடந்தால் உரசுகிறது, உட்கார்ந்தால் உயிர் போகிறது. வாரை இறுக்கினால் பக்கிளே உள்ளே புகுந்து கடிக்கிற மாதிரி இருக்கிறது.

"அந்த இடத்துல கட்டி வந்தா அது அந்த சீக்குதான். சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டு சுவர் பூரா எழுதிப் போட்டிருப்பான்" என்றான். "நான் எங்கயும் போகல. சத்தியமா போகல. ஆனா நான் சொன்னா நீ நம்புவியா? எனக்கே என்னை நம்ப முடியல" என்றான்.

எங்கும் போகாதவனுக்கு எப்படி வந்தது என்று அவனும் மூளையைக் கசக்கியிருக்கிறான். மழையில் தன் பெல்ட் நனைந்த ஒரு நாள் மாற்று பெல்ட் போட்டுக்கொண்டு தொங்கினானே, அதிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். தனக்கு ஒட்டியது அவளுக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று முன்னறைக்குப் போனான். அதோடு நின்றானா? கண்ணாடியில் எந்தக் கறை இருந்தாலும் ஊறவைத்து, சுரண்டி, தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்தது. அதையே தன் உடம்புக்கும் செய்தான். கண்ணாடி கழுவுகிற சோப்புத் திரவத்தில் கிருமிநாசினி கலந்து, பஞ்சை வைத்து, தினம் மூன்று வேளை தேய்த்தான். முடியை மழித்தான். பழுத்த ஒன்றை நகத்தால் அழுத்திப் பிதுக்கினான். தேய்க்கத் தேய்க்க அது பெருகியது. பெருகப் பெருக இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். கட்டியின்மேல் இல்லை.

"கட்டி வந்தா பாக்கறதுக்கு டாக்டர் இருக்காங்க. இருபத்தோராவது மாடியில இருந்து விழுந்தா பாக்கறதுக்கு என்ன இருக்கும்? நான் ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணி அந்த பெல்ட்ட உங்களுக்குக் குடுக்கறேன். நீங்க அத பாவாடை மாதிரி தொங்கவிட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க."

அவன் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தான்.

"இருபத்தோரு நாள்" என்றாள். "முதுகு வலின்னு தைலம் வாங்கிக் குடுத்தேனே, அத எங்க போட்டீங்க?"

"முதுகுலதான் போட்டேன்" என்றான் அவன். "நீ வாங்கிக் குடுத்துட்டியே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தான். சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டதற்குப் பல்லி, "பொதுவா" என்றான். பொதுவாக என்றால் எந்த டாக்டர் என்று எழுதுகிறவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். "தொடை இடுக்குல கட்டி, வலிக்குது" என்றாள் பூதக்கண்ணாடி, சாமான் அறைப் பட்டியல் படிக்கிற குரலில். பின்னால் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லிக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் ஒரு அம்மாள், நரைத்த தலை, கையில் டீ. ஆண் டாக்டர் இல்லையா என்று பல்லி மெல்லக் கேட்டான். வியாழக்கிழமை இருப்பார், அதுவரை இப்படியே நிற்கப் போகிறீர்களா என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். அவன் திரைக்குப் பின்னால் போனான். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கேள்வி பதில் மட்டும் கேட்டது. காய்ச்சல் உண்டா? இல்லை. மூத்திரம் போகும்போது எரிகிறதா? இல்லை. பொடிப்பொடியாக நீர் கோத்துக் கொத்தாக வந்ததா, உடைந்து புண்ணாகி எரிந்ததா? இல்லை, உருண்டையாக, ஆழத்தில். ரத்தத்தில் சர்க்கரை பார்த்ததுண்டா? இல்லை. சிகரெட்? ஆறு. ஆறா, பத்தா? ஒன்பது. இதற்கு முன்பு இங்கே கட்டி வந்திருக்கிறதா?

பரிசோதனைக் கட்டில் கிறீச்சிட்டது.

"வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும். தானா போயிடும்."

"எத்தன வருஷமா?"

"ஆறு... ஏழு இருக்கும்."

"அக்குள்ல?"

"அங்கயும் வரும். வேர்க்குருன்னு நெனச்சேன்."

"வேர்க்குரு தழும்பு வைக்காதுங்க. இங்க ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

திரைக்கு இந்தப் பக்கம் அவள் தன் கைகளைப் பார்த்தாள். நூல் கனத்துக்கு ஒரு பிசிறு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கைகள். ஆறு வருஷம். அக்குளில் தழும்பு. அவன் எப்போதும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான். கூச்ச சுபாவம் என்று அவள் அதைக் கொஞ்சம் ரசித்துக்கூட இருக்கிறாள்.

சீழ் கட்டி விறைத்திருந்த ஒன்றை மட்டும் டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாகக் கீறிவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, மாடியிலிருந்து தரையில் கால் வைத்தவன் விடுகிற மூச்சு. வெளியே வந்து, மூன்று நாலு வாரத்தில் முதல்முறையாக, நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து பார்த்தான்.

டாக்டரம்மா ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். அந்த இடத்தில் கட்டி என்றால் ஒரே நோய் இல்லை. மழித்த முடி உள்ளேயே சுருண்டு வளர்ந்தால் கட்டி வரும். மயிர்க்காலில் கிருமி புகுந்தாலும் வரும். இறுக்கமான துணி, வியர்வை, உரசல் எல்லாம் வழி விடும். உறவின் மூலம் பரவுகிறவையும் உண்டு. அவை பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும், இருந்தாலும் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடக் கூடாது என்பதால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

"ஆனா இவருக்கு இருக்கறது வேற மாதிரி தெரியுது. மடிப்பு மடிப்பா இருக்கற இடத்துல, அதே இடத்துல திரும்பத் திரும்ப வருது. ஆழமா வருது. தழும்பு வச்சிட்டுப் போகுது. மயிர்க்கால் அடைச்சுக்கிட்டு உள்ளயே வீங்கறது இது. எதனாலன்னு முழுசா யாருக்கும் தெரியாது. ஒண்ணு தெரியும். அழுக்கால வர்றதில்ல. யார்கிட்டயிருந்தும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டாது."

"பெல்ட்லருந்து?" என்று பல்லி கேட்டான்.

"ஒட்டாது. ஆனா பெல்ட் உரசினா மோசமாகும்."

"இவளுக்கு?"

"அவங்களுக்கும் ஒட்டாது" என்ற டாக்டரம்மா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம், மெதுவாகச் சொன்னார். "பக்கத்துல படுத்தா ஒட்டாது."

அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. ஹைட்ராடினைடிஸ் என்று தொடங்கி இன்னும் போனது. அவள் அதைத் தன் நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதி, தோல் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியைப் பக்கத்தில் குறித்து, செய்ய வேண்டியதையும் கேட்டு எழுதிக்கொண்டாள். மாத்திரை பல வாரம், நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. தேய்க்கக் கூடாது, கையால் மெல்லச் சோப்புப் போட்டால் போதும். கண்ணாடி சோப்பு கண்ணாடிக்கு. பிதுக்கக் கூடாது, மழிக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம். தளர்வான பருத்தி உள்ளாடை. சிகரெட்டை விட வேண்டும். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு விறுவிறுவென்று பரவினாலோ அன்றைக்கே வர வேண்டும். இது ஒரேயடியாகப் போய்விடுமா என்று அவள் கேட்டாள். போயும் போகும், திரும்பியும் வரும், அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. "வந்தா உடனே வரணும். ஏழு வருஷம் கழிச்சு இல்ல."

வெளியே வந்ததும் பல்லி தெருவோரம் நின்று பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்தான், பார்த்தான், திரும்ப உள்ளே வைத்தான். ஒட்டாதாம் என்றான். ஆமாம், நானும் அங்கேதான் இருந்தேன் என்றாள் அவள். சற்று தூரம் நடந்து, மறுபடி, ஒட்டாதாம் என்றான். வீடு வரும்வரை அவன் நாலு தரம் சொன்னதை அவள் எண்ணினாள். அன்று முன்னறைப் பாய் சுருட்டப்பட்டது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நாலாம் நாள் தெரிந்தது. கம்பெனியில் என்ன சொல்வது என்பது பெரிய யோசனையாக இருந்தது. முதுகு வலி என்றே சொல்லிவிடலாமா என்று பல்லி இழுத்தான். சீட்டில் பொய் எழுத என்னால் முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். கடைசியில் அவனே மேஸ்திரியிடம் போய், தொடை இடுக்கில் கட்டி, வைத்தியம் நடக்கிறது, ஆறும்வரை தரை வேலை கொடுங்கள் என்றான். கேட்டவர்கள் ஒரு நாள் முழுக்க ஓட்டினார்கள். பல்லிக்கு வால் முளைக்கிறதா என்று ஒட்டகம் கேட்டான். இரண்டாம் நாள் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

தரை வேலை என்றால், கட்டடத்துக்கு அடியில் கயிறு கட்டி ஜனங்களை ஒதுக்கி அனுப்புவது, வாளிக்குத் தண்ணீர் பிடிப்பது, மீதி நேரம் சாமான் அறையில் கயிறு சுருட்டுவது. சாமான் அறையில் அவன் சுருட்டிய கயிற்றை அவள் பிரித்து மறுபடி சுருட்டினாள். பத்து வருஷமாக நான் சுருட்டிய கயிற்றை இப்படித்தான் செய்கிறாயா என்று அவன் கேட்டான். உங்களுடையதை மட்டும் இல்லை என்று சமாதானம் சொன்னாள்.

வீட்டில் ஒத்தடம் அவள் பொறுப்பு. முதல் இரண்டு நாள் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றான். மூன்றாம் நாள் விளக்கு எரிகையில், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கி அக்குளையும் காட்டினான். மூன்று தழும்புகள், சரியாக இழுக்காத தையல் போல. அவள் ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தொட்டாள். இது எப்போது, இது எப்போது என்று கேட்டாள். இது நாம் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் என்றான். இது உன் தங்கச்சி கல்யாணத்தின்போது. அன்றைக்குத்தான் கை தூக்க முடியாமல் போட்டோவில் ஒரு பக்கமாக நிற்கிறேன். அவள் அந்தப் போட்டோவைப் பார்த்து எத்தனையோ தரம் அவனைக் கேலி செய்திருக்கிறாள். விறைப்பாக நிற்கிற மாப்பிள்ளை என்று.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அசிங்கமா இருந்துச்சு."

"எது அசிங்கம்?"

துணி ஆறிவிட்டதென்று அவள் வெந்நீரில் மறுபடி நனைக்கப் போனாள்.

பெல்ட் வாரைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை. செய்து அனுப்பிய இடத்தைத் தவிர யாரும் அதில் ஊசி குத்தக் கூடாது. அகலமான, மெத்தை வைத்த தொடை வார் உள்ள ஒரு மாதிரி உண்டு என்று கண்டுபிடித்து அதற்கு எழுதிப் போட்டாள். கால்சட்டையைத் தொட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே? அவன் வேலைக் கால்சட்டைகளின் உள்தொடைத் தையலைப் பிரித்து, தையல் இடுக்கில் வராமல் முன்பக்கம் தள்ளி, தட்டையாக அடித்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு நடந்து பார்த்தவன், இடையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது என்றான்.

ஏழாவது வாரம் புது பெல்ட் வந்தது. கட்டிகள் அமுங்கியிருந்தன. விதைப்பை ஓரத்தில் இருந்தது மட்டும் தொட்டால் தெரியும் என்ற அளவில் இருந்தது. சிகரெட் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்திருந்தது. அந்த இரண்டையும் அவன் ஒளிக்காமல் வாசலில் நின்றே குடித்தான். தோல் டாக்டர், வேலைக்குப் போகலாம், வலித்தால் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

நீண்ட நாள் கயிற்றில் தொங்காதவனை நேரே மேலே அனுப்புவதில்லை. கொட்டகையின் உத்தரத்தில் கயிறு கட்டி, பெல்ட்டைப் பூட்டி, பலகையில் உட்கார வைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருபது நிமிஷம் தொங்கவிடுவார்கள். கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை செய்கிற மாதிரி இரண்டு பக்கமும் எட்டி எட்டிச் சாய வேண்டும். இருபது நிமிஷம் தாங்கினால் மறுநாள் மேலே போகலாம்.

மேஸ்திரிக்கு அவசரம் இருந்தது. முப்பது மாடிக் கட்டடம் ஒன்று மறுநாள் தொடங்குகிறது. உச்சியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற ஒரு விளிம்பு. அதற்கடியில் போய்க் கழுவ பல்லியை விட்டால் ஆள் இல்லை என்று கட்டடக்காரனிடமே சொல்லி வைத்திருந்தார். பல்லிக்கும் அந்த விளிம்பின்மேல் ஆசை. ஒரு வாரமாகச் சாப்பிடுகிற தட்டில் விரலால் அதை வரைந்து காட்டிக்கொண்டிருந்தான்.

அவளே பெல்ட்டைப் பூட்டினாள். தொடை வாரை இழுத்தாள், விரித்த கையை நுழைத்துப் பார்த்தாள், முஷ்டியை வைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. கயிற்றை ஏற்றிவிட்டு, கடிகாரத்தோடு முக்காலியில் உட்கார்ந்தாள். மேஸ்திரியும் ஒட்டகமும் இன்னும் இரண்டு பேரும் கதவோரம் நின்றார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டே தொங்கினான். மேலே இருந்து பார்த்தால் உன் வகிடு கோணல் என்றான். கீழே இருந்து பார்த்தால் உங்கள் புத்தி கோணல் என்றாள். எட்டாவது நிமிஷத்தில் பேச்சு குறைந்தது. இடப்பக்கம் சாயும்போது ஒரு கணம் தாமதித்துச் சாய்ந்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துகிற அதிகாரமும் அவளிடம்தான் இருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். இங்கே ஒரு முழ உயரத்தில் அவள் நிறுத்திவிடலாம். முப்பதாவது மாடியில் அவள் இருக்க மாட்டாள். அங்கே அவன் வாய்தான் அவனுக்கு இருக்கும்.

பத்து நிமிஷம். மேஸ்திரி, பாதி தாண்டியாச்சு என்றார். ஒட்டகம் கை தட்டினான். பல்லி வலப்பக்கம் சாய்ந்தான், நிமிர்ந்தான், இடப்பக்கம் சாயப் போனவன் பாதியில் நின்றான். உத்தரத்தைப் பார்த்தான், கதவோரம் நின்ற நாலு முகங்களைப் பார்த்தான். அவள் தலையைத் தூக்கவில்லை. கடிகார முள் அவள் கையில் நகர்ந்துகொண்டிருந்தது.

"இறக்கு" என்றான்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "வலிக்குது. இடது பக்கம், உள்ள. இறக்கும்மா."

அவள் இறக்கினாள். கடைசி ஒரு சாண் தடக்கென்று வந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். இன்னும் ஒரு வாரமா என்று அவளைக் கேட்டார். அவரைக் கேளுங்கள் என்றாள். இரண்டு வாரம் என்றான் பல்லி. அந்த விளிம்பை இப்போதைக்கு விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் முடிப்போம், கட்டடக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மேஸ்திரி முனகிக்கொண்டே போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஒட்டகம் மட்டும் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த டாக்டரம்மா எந்தெந்த நாள் இருப்பார்கள் என்று கேட்டான். சும்மா தெரிந்துகொள்ளத்தான், ஊரில் ஒரு மச்சானுக்கு என்றான்.

"மச்சானுக்கு எவ்வளவு நாளா?" என்று பல்லி கேட்டான்.

"ரெண்டு வருஷமா" என்றான் ஒட்டகம், தரையைப் பார்த்து.

"மச்சான நாளைக்கு லீவு போடச் சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன். கண்ணாடி சோப்பு மட்டும் போட வேணாம்னு சொல்லு."

ஒட்டகம் போன பிறகு அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் தொடை வார்களின் பக்கிளைக் கழற்றினாள். பதினோரு நிமிஷம் இறுக்கமாக இருந்த இடத்தைத் துணியோடு சேர்த்து உள்ளங்கையால் மெல்லப் பொத்திப் பிடித்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான்.

"விளிம்பு போச்சேன்னு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"நெறையவா?"

"நெறைய இல்ல. இந்த வலி அளவுக்குத்தான்" என்றான். "ஒத்தடம் குடுத்தா ரெண்டும் போயிடும்."